இடது கை மடங்கினால் குற்றமா? கோல்ஃப் வீச்சில் தோளும் கையும்

மாயவரத்து வாசகர் கேட்டது, 2 பிப்ரவரி 2025

சிங்கப்பூரில் பதினோரு வருஷம் ஆடினேன். ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது, இங்கே மைதானம் இல்லாததால் கொல்லையில் பழகுகிறேன். வீடியோ எடுத்துப் பார்த்தால், மட்டையைப் பின்னால் தூக்குகிற பின்வீச்சின் உச்சியில் இடது முழங்கை மடங்குகிறது. அதைத் திருத்தாமல் ஸ்கோர், அதாவது அடிகளின் எண்ணிக்கை, குறையாது என்று அங்கேயே சொன்னார்கள். பி.வி.சி. குழாயை நெடுக்காகப் பிளந்து முழங்கையில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு ஒரு மாதமாக அடிக்கிறேன். கை நீட்டமாக நிற்கிறது. ஆனால் பந்து முன்னைவிட மோசமாக வலப்பக்கம் வளைகிறது. இடது தோள் ராத்திரியில் வலிக்கிறது. குழாயைத் தொடரவா, விடவா?

2 பிப்ரவரி, இரவு

குழாயை இன்றைக்கே கழற்றுங்கள்.

ராத்திரி வலி என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியம். அந்தப் பக்கமாகச் சாய்ந்து படுக்க முடிகிறதா? சட்டைக் கையை மாட்டும்போது சுருக்கென்கிறதா? கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகு சொறிய முடிகிறதா? சர்க்கரை உண்டா? முதலில் இதற்குப் பதில் எழுதுங்கள். ஸ்விங்கை நாளைக்குப் பேசலாம்.

3 பிப்ரவரி

சர்க்கரை இருக்கிறது, கை பின்னால் போவது குறைந்திருக்கிறது என்கிறார் மாயவரத்தார். டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

இப்போது முழங்கை. வலக்கை ஆட்டக்காரருக்குச் சொல்கிறேன், இடக்கையர் திருப்பிப் படித்துக்கொள்ளட்டும்.

"இடது கை நீட்டமாக இருக்கணும்" என்பது கோல்ஃபில் முதல் நாளே காதில் விழுகிற கட்டளை. அது கட்டளையாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி. நெஞ்சு சரியாகத் திரும்பினால் கை தன்னால் நீண்டு நிற்கும். நல்ல ஆட்டக்காரர்களுக்கு உச்சியில் தோள்கள் ஏறக்குறைய 90 டிகிரி திரும்பியிருக்கும், இடுப்பு அதில் பாதி. நாற்காலியிலேயே முப்பது வருஷம் உட்கார்ந்த முதுகு 60 டிகிரியிலேயே நின்றுவிடும். ஆனால் டிவியில் பார்த்த உயரத்துக்குக் கை போயாக வேண்டும் என்று மனசு கேட்கிறது. அதனால் நெஞ்சு நின்ற பிறகும் கை மட்டும் போகிறது. முதலில் மேற்கை நெஞ்சின் குறுக்கே அழுந்தும். அதற்கு மேல் இடமில்லை என்றதும் முழங்கை மடங்கும். உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற வழி அது. நீங்கள் குழாய் கட்டி அந்த வழியை அடைத்துவிட்டீர்கள். மடையை அடைத்தால் தண்ணீர் வரப்பை உடைக்கும். முழங்கையில் போக வேண்டிய அழுத்தம் தோள் மூட்டில் போய் இறங்குகிறது.

பந்து ஏன் வலப்பக்கம் போகிறது? முழங்கையை விறைத்தால் முன்னங்கை விறைக்கும், பிடி இறுகும், கழுத்து வரை இறுகும். இறுகின உடம்பு கீழே வரும்போது இடுப்பு தொடங்காது, வலது தோள்தான் பந்தைப் பார்த்துப் பாயும். கிளப், அதாவது மட்டை, வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வரும், அதன் முகம் திறந்தே இருக்கும். பந்து வலப்பக்கம் சுழன்றுகொண்டு போகாமல் என்ன செய்யும்?

ஒரு சோதனை. பீரோக் கண்ணாடி முன்னால், பந்தை அடிக்க நிற்கிற மாதிரி இடுப்பில் குனிந்து நில்லுங்கள். கிளப்பை இரண்டு தோளுக்கும் குறுக்கே வைத்து, கைகளைப் பெருக்கல் குறி போட்டுப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் திரும்புங்கள். எங்கே நின்றதோ அதுதான் உங்கள் பின்வீச்சு. கை அதைத் தாண்டிப் போகக் கூடாது. வீச்சு குட்டையாகத் தெரியும். தெரியட்டும்.

4 பிப்ரவரி

"மடங்கின கையோடு யார் ஜெயித்திருக்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

எட் ஃபர்கோல். சின்ன வயசு விபத்தில் இடது முழங்கை உடைந்து, கோணலாகவே ஒட்டிக்கொண்டது. 1954-இல் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் ஜெயித்தார்.

கால்வின் பீட். பன்னிரண்டு வயசில் மரத்திலிருந்து விழுந்து இடது முழங்கை உடைந்தது, கடைசி வரை அந்தக் கையை முழுசாக நீட்ட முடியவில்லை. ஃப்ளோரிடாவில் வயல் வேலை செய்தவர், பிறகு வயல் கூலிகளிடமே சாமான் விற்றுப் பிழைத்தவர். இருபது வயசு தாண்டித்தான் கிளப்பைத் தொட்டார். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரில் 12 வெற்றி, 1985-இல் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப். டிரைவர் என்கிற நீளமான கிளப்பால் அடிக்கிற முதல் அடி ஃபேர்வேயில், அதாவது வெட்டிய புல் பாதையில், விழுகிற கணக்கில் தொடர்ந்து ஒன்பது வருஷம் முதலிடம். உலகத்திலேயே நேராக அடித்தவருக்கு நேரான இடது கை கிடையாது. இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

5 பிப்ரவரி

திருத்தம்: ஒன்பது இல்லை, பத்து. 1981 முதல் 1990 வரை.

9 பிப்ரவரி

எங்கள் வயலில் சம்பா அறுப்பு முடிந்து, கதிரோடு தெளித்த உளுந்து தலை காட்டிவிட்டது. அதில் கால் வைக்க முடியாது. வலங்கைமான் பக்கம் குடமுருட்டிக் கரையோரத் தென்னந்தோப்புதான் என் பயிற்சி இடம். நாகப்பட்டினத்தில் வாங்கின பழைய மீன்வலையை இரட்டையாக மடித்து இரண்டு மரத்துக்கு நடுவே தொங்கவிட்டிருக்கிறேன். கயிற்று மிதியடி மேல் பந்து.

காலையில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் வந்து நின்று பார்த்தார். எழுபது தாண்டியவர், மெஷின் அறுப்பு வருவதற்கு முன்னால் களத்தில் கதிர் அடித்தவர். பத்து அடி பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, களத்துல இப்புடி இறுக்கிப் புடிச்சு அடிச்சா நெல்லு உதிராது, தோளுதான் உதிரும்."

ஒரு கட்டு வைக்கோலை எடுத்துப் பிரியால் சுற்றி, தலைக்கு மேல் தூக்கி, தென்னை அடியில் கிடந்த துவைகல்லில் அடித்துக் காட்டினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கல்லுக்குச் சற்று முன்னால் அவர் கை வேகம் குறைந்துவிட்டது, தாளின் நுனி மட்டும் கைக்கு முன்னால் பாய்ந்து அறைந்தது. கோல்ஃப் வீச்சை ஆராய்கிறவர்கள் இரட்டை ஊசல் என்று இதைத்தான் சொல்கிறார்கள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஓர் ஊசல், மணிக்கட்டிலிருந்து கிளப் தலை வரை இன்னொன்று. மேல் ஊசல் தன் வேகத்தைக் கீழ் ஊசலிடம் கொடுத்துவிட்டுத் தளர்கிறது. மணிக்கட்டு என்கிற கீல் இறுகிக் கிடந்தால் இந்தக் கைமாற்றம் நடக்காது.

ஆகவே, கை ஒன்றுமே செய்வதில்லை. முதுகுதான் அடிக்கிறது.

11 பிப்ரவரி

மன்னார்குடிக்காரர் ஒருவர் என் தப்பைப் பிடித்துவிட்டார். "கதிர் அடிப்பது மேலிருந்து நேரே கீழே. கோல்ஃப் பக்கவாட்டில் சாய்ந்த வட்டம். கை ஒன்றுமே செய்யாமல் நெஞ்சை மட்டும் திருப்பினால் கிளப் குடைராட்டினம் மாதிரி இடுப்பு உயரத்தில் சுற்றிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் போய் நிற்கும்" என்கிறார்.

அவர் சொல்வது சரி. இன்று காலை தோப்பில் அப்படியே செய்து பார்த்தேன், கிளப் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. "கை ஒன்றுமே செய்வதில்லை" என்ற வரியை வாபஸ் வாங்குகிறேன்.

நாம் குனிந்து நிற்கிறோம், முதுகுத்தண்டு முன்னால் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வை அச்சாக வைத்து நெஞ்சு சுற்றும்போது இடது தோள் தாழ்ந்து முகவாய்க்குக் கீழே வர வேண்டும், வலது தோள் உயர வேண்டும். நிறைய பேர் நிமிர்ந்துகொண்டு இரண்டு தோளையும் தரைமட்டமாகச் சுற்றுகிறார்கள். நெஞ்சு சுற்றுகிற அதே நேரத்தில் கை நெஞ்சுக்கு முன்னாலேயே ஏற வேண்டும். சுற்றுவது நெஞ்சின் வேலை, ஏறுவது கையின் வேலை. இரண்டும் கலந்தால் அந்தச் சாய்ந்த வட்டம் கிடைக்கிறது. சுற்றாமல் தூக்கினால் கோடாலி வெட்டு, தூக்காமல் சுற்றினால் மன்னார்குடிக்காரரின் ராட்டினம்.

இன்னொன்று. கை தோள் மூட்டில் தொடங்குவதாக நினைக்கிறோம். உண்மையில் தோள்பட்டை எலும்பிலிருந்து தொடங்குகிறது. முதுகின் மேல் கையை வைத்துப் பாருங்கள், அந்தத் தட்டை எலும்பு விலாவின் மேல் சறுக்கும். தசைகள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. உடம்புக் கூட்டோடு எலும்பு வழியாக இணைவது காறை எலும்பு ஒன்றால்தான். மூட்டின் குழியோ மிக ஆழமில்லாதது, டீ என்கிற சின்ன முளை மேல் கோல்ஃப் பந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி. நாலு சின்னத் தசைகள் சுற்றிப் பிடித்துப் பந்தைக் குழியில் நிறுத்துகின்றன. அடியின் பலம் அவற்றிடமிருந்து வரக் கூடாது, பெரிய மார்புத்தசையும் முதுகின் அகலத்தசையும் அதற்கு இருக்கின்றன. பட்டை எலும்பு சறுக்க மறுத்தால் அந்த நாலு சின்னத் தசைகள் எல்லாச் சுமையையும் வாங்கும். மாயவரத்தாருக்கு வலிக்கிற இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

(பார்க்க 14-ஆம் தேதி. அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்.)

14 பிப்ரவரி

மாயவரத்தார் டாக்டரைப் பார்த்துவிட்டார். தசைநார் கிழியவில்லை. மூட்டு இறுகத் தொடங்கியிருக்கிறது, ஃப்ரோசன் ஷோல்டரின் ஆரம்பம் என்றிருக்கிறார்கள். தொட்டுப் பார்க்காமல் ஒருவர் வலிக்கு நான் இடம் குறித்திருக்கக் கூடாது.

16 பிப்ரவரி

மன்னார்குடிக்காரருக்கு நன்றி சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. அவர் ஆட்சேபம் மனசில் கிடந்ததால்தான் இன்று ஆற்றில் கண்டது கண்ணில் பட்டது.

மேட்டூர் மூடியாயிற்று. குடமுருட்டியில் ஓட்டம் நின்று அங்கங்கே மடுவாகத் தேங்கிக் கிடக்கிறது. ஒருவர் வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கயிறு இடது மணிக்கட்டில், வலையில் பாதி முழங்கையில் மடிப்பாக, மீதி வலது கையில். மெல்லத் திரும்புகிறார். வலை கனம், ஓரமெல்லாம் ஈயம். கையால் தூக்கி எறிய முடியாத கனம். நெஞ்சு திரும்பி நின்ற இடத்தில் கையும் நின்றுவிட்டது, ஒரு விரற்கடை கூடத் தாண்டிப் போகவில்லை. அப்புறம் முன்கால் மணலில் அழுந்தியது. வலை இன்னும் பின்னால்தான் இருக்கிறது! இடுப்பு திரும்பியது, நெஞ்சு பின்தொடர்ந்தது, தோள் வந்தது, கை வந்தது, கடைசியில் வலை பறந்து வட்டமாக விரிந்து தண்ணீரில் உட்கார்ந்தது.

கால், இடுப்பு, நெஞ்சு, கை, கடைசியில் கருவி. கோல்ஃபில் சென்சார் மாட்டி அளந்து கண்ட வரிசை இதுவேதான்.

கிட்டே போய், கையால் எறிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "வலை விரியாதுண்ணே. உருண்டையா போயி விழும், மீனு சிரிக்கும்" என்றார். சாயங்காலம் நாலு கெண்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கதிரடியை நான் விடவில்லை. மணிக்கட்டு தளர்வுக்கு அது சரியான பாடம். ஆனால் முழு வீச்சுக்கும் இலக்கணம் வீச்சு வலைதான். ஸ்விங்குக்குத் தமிழில் வீச்சு என்று எழுதிக்கொண்டே இருந்தேன், அந்தச் சொல் எங்கள் ஆற்றிலேயே கிடப்பதை இன்றுதான் உணர்ந்தேன்.

1 மார்ச்

மாயவரத்தாரை டாக்டரிடம் அனுப்பிய காரணத்தைப் பிறகு எழுதுகிறேன் என்றேன். அது என் தோள் கதை.

மஸ்கட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அங்கேதான் கோல்ஃப் பழகினேன். புல் கிடையாது, எல்லாம் மணல். எண்ணெய் கலந்து கெட்டிப்படுத்திய மணல்தான் குழியைச் சுற்றி, அதற்கு கிரீன் என்று பெயரில்லை, பிரவுன். செயற்கைப் புல் துண்டு ஒன்றை எல்லாரும் கையில் தூக்கிக்கொண்டு போய், பந்து விழுந்த இடத்தில் அதை விரித்து அடிப்போம். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மட்டும். அந்த வெள்ளிக்கிழமைகளுக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளினேன்.

2021-இல், ஊருக்குத் திரும்பிய இரண்டாம் வருஷம், இடது தோள் பிடித்துக்கொண்டது. முதலில் ராத்திரி வலி. அப்புறம் சட்டை போட முடியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் எண்ணெய் தடவப் போனேன். "இளக்கிவிடுகிறேன்" என்று கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த சத்தத்தை என் மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வலி மும்மடங்காயிற்று. தஞ்சாவூரில் எலும்பு டாக்டர் சொன்னது: மூட்டைச் சுற்றியிருக்கிற உறை தடித்துச் சுருங்கியிருக்கிறது, சர்க்கரைக்காரர்களுக்கு இது அதிகம் வரும், நாற்பதிலிருந்து அறுபது வயசுக்குள் அதிகம். வலி ஏறும் காலம், இறுகிக் கிடக்கும் காலம், இளகும் காலம் என்று மூன்று. எல்லாம் சேர்ந்து ஒன்று முதல் மூன்று வருஷம் ஆகலாம். முதலில் போவது கையை வெளிப்பக்கம் திருப்புகிற சக்தி.

எனக்கு ஒன்றே முக்கால் வருஷம். இளகத் தொடங்கியபோது இடது கையை நெஞ்சின் குறுக்கே கொண்டுபோக முடியவில்லை. முழங்கையை மடக்கிக்கொண்டு, அரை வீச்சில், 7 ஐயன் என்கிற இரும்புத் தலைக் கிளப்பால் அடித்தேன். பழைய தூரத்தில் இருபது கஜம் குறைந்தது. ஆனால் பந்து நேராகப் போனது. மஸ்கட்டில் விறைத்த கையோடு பதினைந்து வருஷம் வலப்பக்கம் வளைத்து அடித்தவன் நான். அன்று தோப்பில் உட்கார்ந்து அழுதேன்.

2 மார்ச்

மேலே எழுதியதில் ஒரு ஓட்டை. "மடங்கட்டும், பரவாயில்லை" என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பீட்டின் முழங்கை எப்போதும் ஒரே அளவில் மடங்கியிருந்தது. பந்தைப் பார்த்து நிற்கும்போதும் அதே, உச்சியிலும் அதே, அடிக்கும்போதும் அதே. வட்டத்தின் ஆரம் மாறவே இல்லை. நமக்கு உச்சியில் மடங்கி, கீழே வரும்போது சரியான நேரத்தில் நீள வேண்டும். கை தளர்ந்திருந்தால் கிளப் வெளியே இழுக்கிற இழுப்பே அதை நீட்டிவிடும். வலது கை முறுக்கிப் பிடித்திருந்தால் நீளாது, பந்தின் தலையில் தட்டுவோம். கொஞ்சம் மடங்குவது குற்றமில்லை. நெஞ்சு நின்ற பிறகு கை ஓடுவதுதான் குற்றம்.

8 மார்ச்

மாயவரத்தாருக்கு, நான் செய்தவை. உங்கள் டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

குனிந்து நல்ல கையை மேசையில் ஊன்றி, நோயுற்ற கையைத் தொங்கவிட்டு உடம்பால் ஆட்டுவது. கை தானாக ஆட வேண்டும், கை ஆட்டக் கூடாது. இதைக் கோட்மன் என்ற அமெரிக்க டாக்டர் பெயரால் சொல்கிறார்கள், ஃப்ரோசன் ஷோல்டர் என்ற பெயரை 1934-இல் வைத்தவரும் அவரே. எனக்கு இது கோல்ஃப் பாடமாகவும் இருந்தது, தளர்ந்த கை என்றால் என்ன என்று முதல்முறை தெரிந்தது.

முழங்கையை விலாவில் ஒட்டி, கிளப்பை இரண்டு கையிலும் குறுக்கே பிடித்து, நல்ல கையால் மற்றதை வெளியே தள்ளுவது.

சுவரில் விரலால் ஏறுவது. நிலைக்கதவு ஓரம் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். என் வீட்டு நிலையில் பதினேழு கோடு இருக்கிறது.

யாரையும் இழுக்க விடாதீர்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள்.

23 மார்ச்

தாளம் பற்றி ஒருவர் கேட்டார். நல்ல ஆட்டக்காரர்களுக்குப் பின்வீச்சு முக்கால் நொடி, இறக்கம் கால் நொடி என்று கணக்கு. மூன்றுக்கு ஒன்று. எங்கள் பக்கத்தில் இதற்கு மெட்ரோனோம் என்கிற தாளக் கருவி எதற்கு? த-கி-ட என்று பின்னால் போங்கள், "தா" என்று அடியுங்கள். கோயிலில் தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு ஒரு வாரத்தில் படிந்துவிடும். அவசரம் எப்போதும் "த"வுக்கும் "கி"க்கும் நடுவில்தான் வருகிறது, கிளப்பைப் பின்னால் பிடுங்கி எடுப்பதில். இறக்கத்தில் அவசரப்பட்டதாக நாம் நினைப்பது பெரும்பாலும் அங்கே தொடங்கினது.

20 ஏப்ரல்

துண்டுப் பயிற்சி: தோள் துண்டை நெஞ்சுக்குக் குறுக்காக இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொண்டு அரை வீச்சு அடிப்பது. துண்டு விழாமல் இருந்தால் கையும் நெஞ்சும் சேர்ந்து போகின்றன. முழு வீச்சுக்கு இதைச் செய்யாதீர்கள், உச்சியில் வலது முழங்கை கொஞ்சம் விலகத்தான் வேண்டும். ஜாக் நிக்லஸின் வலது முழங்கை நன்றாகவே விலகிப் பறக்கும், குறை சொன்னவர்கள் உண்டு. மேஜர் என்கிற பெரிய போட்டிகளில் 18 ஜெயித்தார். இறங்கும்போது அது விலாவுக்கு முன்னால் வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி.

மாயவரத்தார்: ராத்திரி வலி குறைந்திருக்கிறது, நிலைக்கதவில் ஆறு கோடு.

15 ஜூன்

12-ஆம் தேதி மேட்டூர் திறந்தாயிற்று. தண்ணீர் எங்களுக்கு வந்து சேருமுன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மாயவரத்தார் இன்று பஸ் பிடித்து வந்தார். கதிரடித்த பெரியவரும் வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

தோள் இன்னும் முழுசாக இளகவில்லை. இடது கை தோள் உயரத்துக்குச் சற்று மேலே வருகிறது, அவ்வளவுதான். அரை வீச்சு மட்டும் அடிக்கச் சொன்னேன். முழங்கை மடங்கியது. நெஞ்சு நின்ற இடத்தில் கையும் நின்றது.

பழைய பழக்கம் வெளியிலிருந்து உள்ளே வெட்டுவது மட்டும் கொஞ்சம் பாக்கி. பையிலிருந்து அந்தப் பிளந்த பி.வி.சி. குழாயை எடுத்தார், தூக்கிப் போட மனசு வரவில்லையாம். அதை வாங்கிப் பந்துக்கு வெளிப்பக்கம், நாலு விரல் தள்ளி, வலையைப் பார்த்து நேராகத் தரையில் கிடத்தினேன். கிளப் வெளியிலிருந்து வந்தால் குழாயில் இடிக்கும். முதல் மூன்று அடியும் இடித்தது. பெரியவர் "மெதுவா, மெதுவா" என்றார். நாலாவது இடிக்கவில்லை. அதற்கப்புறம் இருபது அடியில் இரண்டே தடவை.

குழாயை என்னிடமே விட்டுப் போயிருக்கிறார், அடுத்த மாதம் வரும்போது வேண்டுமாம்.